சிங்மிங் ஓவியத்தில் விசிறி எதற்கு?

கரிக்கோடு: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். 12ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியர் சாங் செதுவானின் நதிக்கரைச் சுருள் ஓவியம், சிங்மிங் பண்டிகையன்று சோங் அரச வம்சத்தின் தலைநகரம் இருந்த இருப்பை அப்படியே காட்டும் போட்டோவாம். சிங்மிங் ஏப்ரல் தொடக்கத்தில் வருகிறது, முன்னோர் கல்லறைக்குப் போகும் நாள். விசிறி வேண்டிய வெக்கை அங்கே அப்போது இருக்காது. அப்படியானால் படத்தில் இத்தனை பேர் கையில் விசிறி எதற்கு? வரைந்தது இலையுதிர்காலம்தான்.

வாதாங்கொட்டை: வீசிக்கொள்ள மட்டும்தான் விசிறியா? வேண்டாதவர் எதிரே வந்தால் முகத்தை மறைக்கவும் அங்கே அதைத்தான் தூக்குவார்கள். பல்லக்கில் செருகிய வில்லோ கிளை உங்கள் கண்ணில் படவில்லையோ? கல்லறைக்குப் போய்த் திரும்பும் பல்லக்கு அது.

கரிக்கோடு: ஓஹோ, ஊரில் அத்தனை பேருக்கும் பகையாளியா! சுருளின் தொடக்கத்திலேயே கழுதைகள் கரி சுமந்து வருகின்றன. குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கிறார்கள். மதுக்கடைக் கொடியில் 'புது மது' என்று எழுதியிருக்கிறது. நடு இலையுதிர்காலப் பண்டிகைக்கு முன்தான் அந்த ஊரில் புது மது விற்பார்கள். விசிறிக்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய சாவி: 'சிங்மிங்' என்பது பண்டிகைப் பெயர்தானா? தெளிவு, அமைதியான ஆட்சி என்றும் பொருள் உண்டு. முதலில் அதை முடிவு செய்துவிட்டு...

கரிக்கோடு: அதெல்லாம் அப்புறம். விசிறி.

வாதாங்கொட்டை: கரி ஏப்ரலில் அடுப்புக்கு வேண்டாமா? நான் தைபே அருங்காட்சியகத்தில் இந்த ஓவியத்தை நேரில் பார்த்தவன். அந்தக் கல்பாலத்தின் முன் அரைமணி நேரம் நின்றேன்.

கரிக்கோடு: கல்பாலமா! 😂 அண்ணே, நீங்கள் பார்த்தது 1736-இல், பிற்காலச் சிங் வம்சத்தின் அரசவை ஓவியர்கள் ஐந்து பேர் சேர்ந்து வரைந்தது. சாங் செதுவானுடையது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் நடுத்தூணே இல்லாத மரப்பாலம். ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், உயரமோ 25 செ.மீ.கூட இல்லை. போன மாதம் மிங் வம்சக் காலக் குடத்தை அதற்கு முந்தைய யுவான் காலத்துக் குடம் என்று சாதித்தவரும் நீங்கள்தானே?

வாதாங்கொட்டை: அந்தக் குடத்தை இங்கே இழுக்காதீர்கள். அதற்கு ஆதாரம் கேட்டேன், இன்றுவரை நீங்கள் தரவில்லை.

நதிமூலம்: படகு பாலத்தில் மோதப் போகிறது, பாய்மரத்தை இறக்கச் சொல்லி மேலே நிற்கும் கூட்டம் கத்துகிறது. அந்த ஊர் 1127-இல் வடக்கிலிருந்து படையெடுத்து வந்த ஜூர்ச்சென் இனத்தாரிடம் விழுந்தது. தானும் ஓவியரான சோங் பேரரசர் ஹுய்சோங்கைச் சிறைபிடித்து வடக்கே கொண்டுபோனார்கள். இத்தனையையும் விட்டுவிட்டு விசிறி எண்ணுகிறீர்கள்.

கரிக்கோடு: எண்ணத்தான் செய்வேன். வரலாற்றைக் காட்டும் கண்ணாடி என்கிறீர்கள், கண்ணாடியில் தெரியும் பருவமே தப்பாக இருந்தால்?

பழைய சாவி: அதற்குத்தான் பெயரின் பொருள்...

வாதாங்கொட்டை: வில்லோ கிளைக்குக் கரிக்கோடு இன்னும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிக்கோடு: கல்பாலக்காரருக்குப் பதில் சொல்லும் அவசியம் எனக்கு இல்லை.

வாதாங்கொட்டை: தைபேயில் இருப்பதிலும் வசந்தம்தான்!

கரிக்கோடு: அறுநூறு வருடம் கழித்து வரைந்தது. அதில் விசிறி உண்டா, பார்த்தீர்களா?