நூறு கெஜத்தில் குறுக்குவில் அம்பு: சோதித்துப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

ஒஹாயோவில் மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன்பான கோடை மாதங்களில், வயலோர மண்மேட்டின் முன் ஃபோம் இலக்கு ஒன்றை நிறுத்தி, நூறு கெஜத்தில், அதாவது 91 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், என் குறுக்குவில்லைச் சோதித்து வந்தேன். நாற்பது கெஜத்தில் உள்ளங்கை அகலத்துக்குள் தைத்த அதே ஆறு அம்புகள், நூறு கெஜத்தில் ஒரு முறத்தின் பரப்புக்குச் சிதறின. முதலில் என் கையைத்தான் சந்தேகித்தேன். ஆனால் ஒவ்வோர் அம்பின் இறகிலும் எண்ணிட்டு, எந்த எண் எங்கே தைத்தது என்று ஐந்து நாள்கள் தொடர்ந்து குறித்து வந்தபோது, நான்காம் எண் எப்போதும் கீழேயும் ஆறாம் எண் எப்போதும் வலப்புறமும் விழுவது தெரிந்தது. கை செய்யும் பிழை இப்படி ஆள் பார்த்து விழாது.

நகை நிறுக்கும் தராசு போன்ற சிறிய மின்னணுத் தராசில் நிறுத்தபோது, மற்றவை 420 கிரெய்னை, அதாவது ஏறத்தாழ 27 கிராமை ஒட்டியிருக்க, நான்காம் எண் மட்டும் 426 கிரெய்ன் இருந்தது. அரை கிராம்கூட இல்லாத இந்த வேறுபாடு எதற்காகும் என்று நானும் நினைத்தேன். என் வில்லிலிருந்து வினாடிக்கு 400 அடி வேகத்தில் புறப்படும் அம்பு நூறு கெஜத்தைக் கடக்க ஏறத்தாழ 0.8 வினாடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை மூன்று மீட்டர் அளவுக்குக் கீழே இழுத்துவிடுகிறது. வில் தரும் ஆற்றல் எல்லா அம்புக்கும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், எடை ஒன்றரை விழுக்காடு கூடினால் இறக்கமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடி, இலக்கில் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடாகத் தெரிகிறது. நாற்பது கெஜத்தில் அது ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. ஆகவே அங்கே என் கண்ணுக்குப் படாமல் போனதில் வியப்பில்லை.

ஆறாம் எண்ணின் சிக்கல் எடையில் இல்லை. கார்பன் தண்டு எல்லாப் பக்கமும் ஒரே அளவு வளைந்து கொடுப்பதில்லை; ஒரு பக்கம் சற்று விறைப்பாக இருக்கும். என்னுடைய அம்புகளில் அரைநிலா வடிவ நாக் (நாண் வந்து பொருந்தும் வால்முனைத் துண்டு) இருந்ததால், அதைக் கழற்றி மூன்றில் ஒரு பங்கு திருப்பிப் பொருத்தி, வேறொரு இறகு ரெயிலின், அதாவது வில்லில் அம்பு படுத்திருக்கும் தடத்தின், பள்ளத்தில் அமருமாறு செய்தேன். அடுத்த மாலையே அது மற்றவற்றோடு சேர்ந்து தைத்தது.

அதன் பிறகே முன்பக்க எடைக்குச் சென்றேன். அம்பின் முன்முனைக்குள் இருந்த அலுமினியச் செருகியை எடுத்துவிட்டுப் பித்தளைச் செருகி பொருத்தியதும், 22 அங்குல அம்பின் சமநிலைப் புள்ளி, நாக் முனையிலிருந்து அளந்தால், 14 அங்குலத்திலிருந்து 14.8 அங்குலத்துக்கு நகர்ந்தது. அம்பின் நடுவிலிருந்து அது முன்னே தள்ளியிருக்கும் தூரத்தை மொத்த நீளத்தின் பங்காகக் கணக்கிட்டால், அது 13.6 விழுக்காட்டிலிருந்து 17.3 விழுக்காடு. பக்கவாட்டுச் சிதறல் குறைந்தது. ஆனால் வேகம் குறைந்து இறக்கம் கூடியதால் ஸ்கோப்பை மறுபடி சரிசெய்ய நேர்ந்தது. நாக், செருகி இரண்டையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது உதவியது என்று இன்றுவரை தெரிந்திருக்காது.

*

மேலே எழுதியவர் அம்பில் கண்டதை நான் வில்லில் கண்டேன். மூன்று வகை அம்புகள் வாங்கி, மூன்றும் சரியில்லை என்று ஒதுக்கிய பிறகு, ஒரு நண்பர் ஸ்கோப்பின் மேல் கட்டைவிரல் அளவிலான ரசமட்டம் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். நான் நேராகப் பிடித்ததாக நம்பிய வில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் சாய்ந்திருந்தது. மூன்று மீட்டர் இறக்கம் உள்ள தூரத்தில் வெறும் மூன்று பாகைச் சாய்வு அம்பைப் பக்கவாட்டில் 16 சென்டிமீட்டர் தள்ளிவிடும். இருபது கெஜத்தில் அதே சாய்வு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒதுக்கி வைத்த அம்புகளில் இரண்டு வகை இப்போது என் அம்புக்கூட்டில் இருக்கின்றன. மூன்றாம் வகை உண்மையிலேயே மோசம்தான்.

*

நாக் பற்றி என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும். துல்லியத்தைத் தேடி, வில்லோடு வந்த கையேடு குறிப்பிட்ட வகையை விட்டுவிட்டுத் தட்டையான நாக் உள்ள அம்பை ஏற்றினேன். நாண் அம்பின் மேல் ஏறி ஓட, அம்பு பத்தடி தள்ளி விழுந்தது. அம்பில்லாமல் விடுத்ததற்கு ஒப்பான அந்த அதிர்ச்சியில் வில்லின் வளையும் கைகள் இரண்டில் ஒன்று விரிசல் விட்டது. கண்ணுக்கு எதுவும் ஆகாதது என் நல்லூழ். அன்றிலிருந்து வேறு எதை மாற்றினாலும் நாக் வகையை மாற்றுவதில்லை.

இன்னொன்று, நூறு கெஜம் ஃபோமுக்கு மட்டுமே உரியது. வில்லின் ஓசை அத்தூரத்தை 0.27 வினாடியில் கடந்துவிடும். அம்பு சேர்வதற்குள் மானுக்கு அரை வினாடி கிடைக்கிறது, அதற்குள் அது உடலைத் தாழ்த்தித் திரும்பியிருக்கும். ஆகவே காட்டில் நான் நாற்பது கெஜத்துக்கு அப்பால் விசையைத் தொடுவதில்லை.