ஆங்கில 'வீ': நாமா, நாங்களா?

கேள்வி
எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க அறிவிப்புகளை நான்தான் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். போன வாரம் வந்தது இது: 'வீ ஹேவ் டு ரீப்ளேஸ் த மோட்டார். வீ வில் கலெக்ட் த மணி ஃப்ரம் யூ.' இரண்டு இடத்திலும் 'நாங்கள்' போட்டேன். கீழ்வீட்டுப் பாட்டி படித்துவிட்டு, "நீங்க மாத்துற மோட்டாருக்கு நான் ஏன் காசு தரணும்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 1
இரண்டாவது சுலபம். 'யூ' எதிரே நிற்கிறது. வாங்குபவர் வேறு, கொடுப்பவர் வேறு. ஆகவே 'நாங்கள்'. முதல் வாக்கியத்தில் அந்தத் துப்பு இல்லை. மோட்டார் யாருடையது என்று பாருங்கள். எல்லா வீட்டுக்கும் பொது, செலவும் பொது. அப்படியானால் 'நாம்'. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வதை நம் இலக்கணம் உளப்பாடு என்கிறது. ஆங்கிலச் சொல்லில் அந்தப் பிரிவே கிடையாது. அதனால் அடுத்தடுத்த வாக்கியங்களிலேயே 'வீ' கட்சி மாறும்.

பதில் 2
ஆங்கில 'தே' (அவர்கள்) இன்னும் படுத்தும். கணினி அறிஞர் டெரி வினோகிராட் 1972-இல் காட்டிய உதாரணம்: நகர மன்றத்தினர் போராட்டக்காரர்களுக்கு அனுமதி மறுத்தார்கள், காரணம் 'தே' வன்முறைக்கு அஞ்சினார்கள். 'அஞ்சினார்கள்' என்பதை 'ஆதரித்தார்கள்' என்று மாற்றினால் 'தே' மன்றத்தினரை விட்டுப் போராட்டக்காரர்களிடம் போய்விடும். தமிழில் 'அவர்கள்' என்று போட்டால் அதே குழப்பம். நான் அந்தச் சொல்லையே எழுத மாட்டேன். 'வன்முறைக்கு அஞ்சி அனுமதி மறுத்தார்கள்' என்றால் அஞ்சியவரும் மறுத்தவரும் ஒருவரே, வினையெச்சம் கட்டிப்போட்டுவிடும். மற்றதற்கு, 'வன்முறையை ஆதரித்த போராட்டக்காரர்களுக்கு'.

கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொன்று: 'ஓல்ட் டாங்க்ஸ் அண்ட் பைப்ஸ் வில் பி ரிமூவ்ட்.' பைப்புகளும் பழையவையா?

பதில் 1
இதில் தமிழும் கைகொடுக்காது. 'பழைய தொட்டிகளும் பைப்புகளும்' என்றாலும் அதே சந்தேகம்தான். எஸ்டிமேட்டில் புது பைப் வாங்கும் கணக்கு இருக்கிறதா?

கேட்டவர்
பார்த்துவிட்டேன். தொட்டி மட்டும்தான் இருக்கிறது, பைப் வாங்கும் கணக்கே இல்லை.

பதில் 1
அப்படியானால் பைப்பை ஏன் கழற்றுகிறார்கள்? இதை ஊகித்து எழுதாதீர்கள். செயலாளரைக் கேளுங்கள்.

கேட்டவர்
கேட்டேன். தொட்டியோடு சேர்ந்த பைப்புகளைக் கழற்றித் திரும்ப மாட்டுவார்களாம். 'பழைய தொட்டிகள் அகற்றப்படும். பைப்புகள் கழற்றி மீண்டும் பொருத்தப்படும்' என்று எழுதி ஒட்டிவிட்டேன். மோட்டாருக்கு 'நாம்' போட்டாயிற்று.