எத்தில் சின்னமேட் ஸ்பெக்ட்ரத்தில் இரண்டாவது குவார்டெட்

பென்சால்டிஹைடுடன் எஸ்டர் இலைடு (பாஸ்பரஸ் உள்ள வினைபொருள்) சேர்த்து, இரட்டைப் பிணைப்பை உருவாக்கும் விட்டிக் வினையில் எத்தில் சின்னமேட் எடுத்தால், சிடிசிஎல்3 (டியூட்டீரியம் உள்ள குளோரோஃபார்ம்) கரைப்பானில் எடுத்த புரோட்டான் என்எம்ஆரில் (ஹைட்ரஜன்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரம்) அடிக்கடி குழப்புவது 4.1 பிபிஎம் (பீக் நிற்கும் இடத்தின் அளவு) பக்கம் கூடுதலாகத் தெரியும் ஒரு குவார்டெட், அதாவது நான்காகப் பிளந்த பீக். டிரான்ஸ் எஸ்டரின் (இரட்டைப் பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் தொகுதிகள் உள்ள முக்கியப் பொருள்) ஓசிஎச்2 வருவது 4.26இல், அதன் சிஎச்3 டிரிப்லெட் (மூன்றாகப் பிளந்த பீக்) 1.33இல். அப்படியானால் இந்த இன்னொன்று யாருடையது?

இரண்டு பேர்மேல் சந்தேகப்படலாம். பொருளைப் பிரிக்கக் காலம் குரோமட்டோகிராஃபியில் ஓட்டிய எத்தில் அசிட்டேட் மிச்சமிருந்தால் 4.12இல் குவார்டெட், 1.26இல் டிரிப்லெட் வரும். சிஸ் எஸ்டர் (தொகுதிகள் ஒரே பக்கம் உள்ள வடிவம்) இருந்தால் 4.17, 1.24. இந்த இரண்டு இடங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. 2.05இல் கூரான சிங்லெட் (பிளவுபடாத பீக்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எத்தில் அசிட்டேட். 5.95 பக்கம் 12.6 ஹெர்ட்ஸ் டப்லெட் (இரண்டாகப் பிளந்த பீக்) இருந்தால் சிஸ். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

ஜே மதிப்பை, அதாவது பிளந்த கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஹெர்ட்ஸில், கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் டப்லெட்டின் கோடுகள் 7.70, 7.66 என்றால் 0.04 × 400 = 16 ஹெர்ட்ஸ்; டிரான்ஸ். அதே 16, ஜோடியான 6.43 டப்லெட்டிலும் வர வேண்டும். வராவிட்டால் அவை ஜோடியே அல்ல.

*

மேலே சொன்னதோடு இன்டக்ரேஷனையும் (பீக்கின் பரப்பை வைத்து ஹைட்ரஜன்களை எண்ணுவது) சேர்த்துக்கொள்ளுங்கள். 7.70, 7.66 கோடுகளின் நடுவான 7.68 பீக்கை ஒரு ஹைட்ரஜன் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விட்டிக் வினையின் உடன்விளைபொருளான டிரைஃபினைல் பாஸ்பீன் ஆக்சைடு மிச்சமிருந்தால் அதன் பீக்குகள் 7.45 முதல் 7.7 வரை பரவி, அந்த டப்லெட்டின் அடியிலேயே உட்கார்ந்துவிடும். அதை 1.00 என்று வைத்தால் மற்ற எல்லாமே குறைவாகத் தெரியும். 6.43 தனியாக நிற்கிறது, அதையே 1.00 ஆக வையுங்கள். அரோமாட்டிக் பகுதியை அளக்கும்போது 7.26இல் உள்ள குளோரோஃபார்ம் பீக் உள்ளே வராமல் வெட்டுங்கள்.

அப்படி வைத்தபின் 2.05 சிங்லெட் 0.30 காட்டினால், மூன்று ஹைட்ரஜன் என்பதால் மூன்றால் வகுத்து, ஒரு மோல் எஸ்டருக்கு 0.10 மோல் எத்தில் அசிட்டேட். மூலக்கூறு எடை 88, எஸ்டருக்கு 176. ஆகவே 8.8 / 184.8, எடையில் சுமார் 4.8 சதவீதம். இதைக் கழிக்காமல் ஈல்டு (கிடைத்த பொருளின் சதவீதம்) எழுதுவது தவறு. டைகுளோரோமீத்தேன் சேர்த்து ரோட்டாவாப்பில் (கரைப்பானை ஆவியாக்கும் கருவி) இரண்டு தடவை ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். ஆக்சைடுக்கு, கரைப்பானை நீக்கிய கச்சாப் பொருளில் ஹெக்சேன் ஊற்றி நன்றாகக் கலக்கி, குளிரவைத்து வடிகட்டுங்கள்.

*

10.02இல் சிங்லெட் தெரிந்தால் பென்சால்டிஹைடு முழுதாக வினைபுரியவில்லை. ஆனால் அந்த பீக்கை அப்படியே நம்பி அளவு சொல்லக்கூடாது: ஆல்டிஹைடு ஹைட்ரஜன் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும், பல்ஸ்களுக்கு இடையே ஒரு நொடியே விட்டால் குறைத்துக் காட்டும். அளவு முக்கியமென்றால் டி1 என்ற அந்த இடைவெளியை 10 நொடிக்குக் குறையாமல் வையுங்கள்.

6.43க்கு இருபுறமும் சுமார் 0.2 பிபிஎம் தள்ளிச் சமமாக நிற்கும் குட்டி டப்லெட்டுகள் கார்பன்-13 சாட்டிலைட்டுகள். ஒவ்வொன்றும் பெரிய பீக்கில் 0.55 சதவீதம்தான், அசுத்தம் என்று எழுதிவிடாதீர்கள். 1.56இல் வரும் பீக் தண்ணீர்.

பீக்குகள் எல்லாமே ஒரே மாதிரி அகன்று, குவார்டெட் வெறும் மேடாகத் தெரிந்தால் பொருளைக் குறை சொல்லும் முன் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மிதக்கும் துகள் இருந்தால் ஷிம் (காந்தப்புலத்தைச் சீராக்குவது) சரியாக வராது. 10 மில்லிகிராமை 0.6 மில்லியில் கரைத்து, பாஸ்டர் பிப்பெட்டில் பஞ்சு அடைத்து வடிகட்டி மறுபடி போடுங்கள்.