1974 ஸ்ட்ராட்டோகாஸ்டர்: புதிய ட்ரெமோலோ கைப்பிடி பாதியில் இறுகுகிறது

கேள்வி:
வணக்கம். என்னிடமுள்ள 1974ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டாரின் ட்ரெமோலோ கைப்பிடி (வாசிக்கும்போது சுருதியை அசைக்கும் நெம்புகோல்) தொலைந்துவிட்டது. எல்லா ஸ்ட்ராட்டுக்கும் பொருந்தும் என்ற விளம்பரத்தை நம்பி ஒன்றை வாங்கினேன். இரண்டு சுற்று எளிதாக உள்ளே சென்று, மூன்றாவது சுற்றில் இறுகிவிட்டது. எண்ணெய் விட்டு அழுத்தித் திருகலாமா, அல்லது பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் உலோக அமைப்பு) முழுவதையும் மாற்றிவிடுவது நல்லதா?

மறுமொழி 1:
தயவுசெய்து இனி அரைச் சுற்றுகூடத் திருகாதீர்கள். அமெரிக்கத் தயாரிப்பான பழைய ஸ்ட்ராட்டில் கைப்பிடியின் மரை 10-32 என்னும் அங்குல அளவு. உங்களிடம் வந்திருப்பது பெரும்பாலும் மெட்ரிக் எம்5. முதலாவதன் விட்டம் 4.83 மி.மீ., புரியிடைவெளி 0.794 மி.மீ.; எம்5-க்கு அவை 5 மி.மீ., 0.8 மி.மீ. புரிகள் ஏறத்தாழ ஒத்திருப்பதால்தான் அது முதலில் சாதுவாக நுழைகிறது. தடிமன் கூடுதலாக இருப்பதால் பிறகு பிளாக்கின் (பிரிட்ஜுக்கு அடியில் கைப்பிடி திருகப்படும் உலோகக் கட்டியின்) மரையைத் தின்னத் தொடங்குகிறது. பிளாக்கில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்; ஒட்டாவிட்டால் அது எஃகு அல்ல. 1971இன் பிற்பகுதியில் ஃபெண்டர் எஃகு பிளாக்கைக் கைவிட்டு, துத்தநாகக் கலவை வார்ப்புக்கு மாறியது. அந்த மென்மையான உலோகத்தில் எஃகுக் கைப்பிடியே எப்போதும் வெல்லும்.

கேட்டவர்:
காந்தம் ஒட்டவில்லை. கைப்பிடியை மெதுவாகக் கழற்றிவிட்டேன். மேல் புரிகளில் மட்டும் சிறிய கீறல் தெரிகிறது.

மறுமொழி 2:
அப்படியானால் பிரிட்ஜை மாற்ற அவசியமில்லை. 10-32 மரையுள்ள கைப்பிடி ஒன்றே போதும். கையால் திருகும்போதே தடையின்றி இறங்க வேண்டும். பழைய கிட்டார்களில் துளையின் அடியில் ஒரு சிறு சுருள்வில் இருக்கும்; கைப்பிடி தளர்ந்து ஆடாமல் காப்பது அதுதான், பலரும் அறியாமலே தொலைப்பதும் அதைத்தான். தேடும்போது 'வைப்ரேட்டோ' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்: ட்ரெமோலோ என்பது உண்மையில் ஒலியளவின் ஏற்றத்தாழ்வு, இந்தக் கருவியோ சுருதியை அசைக்கிறது. ஃபெண்டர் நிறுவனர் லியோ ஃபெண்டர் பெயரை மாற்றி வைத்துவிட்டார், பாகம் தேடும் நாம் இன்றும் இரண்டு பெயர்களிலும் அலைகிறோம்.

மறுமொழி 3:
ஒரு வேளை மரை முற்றிலும் தேய்ந்து, முழு அமைப்பையும் மாற்ற நேர்ந்தால், பிரிட்ஜை உடலில் பொருத்தும் ஆறு திருகுகளில் இரு ஓரத் திருகுகளின் மையங்களுக்கு இடையே அளந்து பாருங்கள். உங்கள் கிட்டாரில் அது ஏறத்தாழ 56 மி.மீ. இருக்கும். பிற்காலத்துக் குறுகிய வகைகள் 52.5 மி.மீ. அளவில் வருகின்றன; அவற்றைப் பொருத்துவதற்காக மரத்தில் புதிய துளை போடாதீர்கள். கழற்றிய பாகங்களைத் திருகுகள் உட்பட கிட்டார் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.