தானோட்டிக் கார் விபத்து: யார் பொறுப்பு?

கேள்வி: மென்பொருள் காரை ஓட்டிக்கொண்டிருக்கும்போது விபத்து நேர்ந்தால், ஸ்டீயரிங்கைத் தொடாமல் அமர்ந்திருந்தவர் மீது வழக்குப் பாயுமா, தயாரித்த நிறுவனத்தின் மீதா?

பதில் 1: நாட்டுக்கு நாடு மாறும். 2018-இல் அரிசோனாவில் ஊபரின் சோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் உயிரிழந்தபோது, நிறுவனத்தின் மீது குற்றவழக்கு தொடரப்படவில்லை. கண்காணிக்க அமர்த்தப்பட்ட ஓட்டுநரே 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

பதில் 2: அது குற்றவியல், இழப்பீடு வேறு. பிரிட்டனின் 2018 சட்டப்படி, காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு தவறுக்குக் காரணமான தயாரிப்பாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்: அந்த நொடியில் ஓட்டியது யார் என்பதை எப்படி நிரூபிப்பது?

பதில் 2: கட்டுப்பாடு கைமாறும் நேரமும் இடமும் காரிலேயே பதிவாக வேண்டும் என்று ஜெர்மனி 2017-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டது.