‘கடல் புறா’வும் கல்வெட்டும்: சாண்டில்யனை இவ்வளவு கொண்டாடலாமா?

கடலோடி:
மூன்றாவது முறையாகச் சாண்டில்யனின் ‘கடல் புறா’ நாவலின் மூன்று பாகங்களையும் படித்து முடித்தேன். ‘பொன்னியின் செல்வன்’ 2022-இல் திரைப்படமாக வந்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் கல்கி பேச்சுதான். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் சாண்டில்யன் என்று சொன்னதும் பலர் முகத்தில் ஒரு நமட்டுச் சிரிப்பு வருகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தமிழில் கடலை இவரைப் போல எழுதியவர் யார்? நம் சரித்திரக் கதைகளில் அரண்மனை உண்டு, சுரங்கப்பாதை உண்டு, குதிரை உண்டு. கப்பலுக்குள்ளேயே நம்மைக் குடியிருக்க வைத்தவர் இவர்தான். பாலூர்த் துறைமுகத்தில் நாயகன் இளையபல்லவன் கால் வைத்ததிலிருந்து அக்ஷயமுனைக் கோட்டை வரைக்கும் எனக்கு மூச்சு வாங்கியது. சாகசக் கதை என்று எடுத்துக்கொண்டால் சாண்டில்யனுக்குத்தான் முதல் இடம். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

செப்பேடு:
நான் மறுக்கிறேன் நண்பரே. பள்ளி நாட்களில் நானும் உங்களைப் போலத்தான் படித்தேன். அப்புறம் கல்வெட்டு வாசிக்கப் பழகினேன், கதையின் பிடி விட்டுப்போயிற்று.

உங்கள் இளையபல்லவன், அதாவது கருணாகரத் தொண்டைமான், உண்மையான ஆள். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவர். செயங்கொண்டாரின் ‘கலிங்கத்துப்பரணி’ அவரைப் பாடுகிறது. ஆனால் பரணி பாடுவது நிலப்போர்; படை ஆறுகளைக் கடந்து கலிங்கத்துக்குப் போகிறது. அவர் கடல் கடந்து போனார், கொள்ளைக் கப்பல் நடத்தினார் என்பதெல்லாம் நாவலாசிரியர் கொடுத்தது. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு, சரி. ஆனால் வாசகர்கள் அதை வரலாறாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கூட்டத்தில் கல்வெட்டு பற்றிப் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, ‘அகூதாவைப் பற்றி எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?’ என்று கேட்டார். அந்தச் சீனக் கொள்ளைத் தலைவன் கதைப் பாத்திரம் என்று சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

யாழினி:
கடலோடி, ‘வேறு யார்’ என்று கேட்டீர்களே, கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் ‘சுழற்காற்று’ பாகம் மறந்துவிட்டதா? புயல், இடி விழுந்து எரியும் கப்பல், வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கடலில் குதிக்கும் அருள்மொழி, இரண்டு பேரையும் படகில் ஏற்றும் பூங்குழலி. அந்தப் பெண் கையில் துடுப்பு இருக்கிறது, அலை அவளுக்குப் பழக்கம், அவள் இல்லாவிட்டால் கதாநாயகர்கள் பிழைக்க மாட்டார்கள்.

சாண்டில்யனிடம் எனக்குள்ள குறையே இதுதான். ஒரு பெண் அறைக்குள் வந்தால் ஒன்றரைப் பக்கத்துக்கு அவள் உடம்பை அளந்துவிட்டுத்தான் அவளைப் பேசவிடுகிறார். நாயகி மாறினாலும் வர்ணனை மாறுவதில்லை. என் அம்மா அவருடைய பெரிய ரசிகை. அந்தப் பக்கங்கள் வந்தால் கட்டை விரலால் நாலைந்து தாள்களைச் சேர்த்துத் தள்ளிவிட்டு, ‘இங்கேயிருந்து கதை’ என்று எனக்குக் காட்டுவார். நானும் அப்படித்தான் படித்துப் பழகினேன்.

கடலோடி:
வர்ணனை மிகுதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘யவன ராணி’யை நினைத்துப் பாருங்கள். புகார்க் கடற்கரையில் இளஞ்செழியன் காலில் இடறுகிற அந்தப் பெண், இந்த மண்ணில் ஒரு யவன அரசை நிறுவும் எண்ணத்தோடு வந்தவள். கதையை நகர்த்துவது அவளுடைய ஆசை. அவள் திட்டம் போடுகிறாள், படைத்தலைவன் டைபீரியஸையே தன் போக்குக்கு வளைக்கப் பார்க்கிறாள். வெறும் அழகுப் பொம்மை என்று அவளைத் தள்ளிவிட முடியுமா?

யாழினி:
தள்ளவில்லை. அவளை அவ்வளவு கூர்மையாக யோசிக்க வைத்த அதே ஆசிரியர், அவள் ஒவ்வொரு முறை வரும்போதும் அந்த யோசனையை ஓரமாக வைத்துவிட்டு அவள் இடையைப் பார்க்கப் போகிறாரே என்பதுதான் என் கோபம்.

பழம்புத்தகம்:
வணக்கம். உங்கள் எல்லோரையும் விட வயதில் மூத்தவன், எழுபதைத் தாண்டிவிட்டேன். ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் எல்லோரும் இவரைப் புத்தகமாகப் படிக்கிறீர்கள். இவர் எழுதியது வாரம் ஒரு அத்தியாயம், குமுதத்தில்.

எங்கள் வீட்டுக்குக் குமுதம் வந்ததும் முதலில் அக்கா, அடுத்து அண்ணன், கடைசியில் நான். எல்லோரும் படித்து முடித்த பிறகு அப்பா பின்னை நெம்பி அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்து எடுத்து வைப்பார். நூறு, நூற்றைம்பது தாள் சேர்ந்ததும் பைண்டரிடம் போகும். முதுகில் காலிகோ துணி, மேலே சாம்பல் நிற அட்டை, அப்பா கையெழுத்தில் ‘கடல் புறா’. இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. ஒரு பக்கம் போர் நடக்கும், திருப்பினால் சோப்பு விளம்பரம், பாதியில் வெட்டுப்பட்ட ஒரு துணுக்கு. ஓரங்களில் எண்ணெய்க் கை பட்ட தடம்.

அந்தத் தொகுப்பில் ஒரு வாரம் கிடையாது. பக்கத்து வீட்டுக்கு இரவல் போன இதழ் திரும்பி வரவில்லை. அதனால் ஒரு வாரம் ஆபத்தின் நடுவே முடியும். அடுத்த தாளில் ஆபத்து நீங்கியிருக்கும். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நானே மனதில் எழுதி வைத்திருந்தேன். எத்தனையோ இரவுகள்.

யாழினி அம்மா சொல்கிற வர்ணனை நீளத்துக்கும் இந்த வாரக் கணக்குக்கும் சம்பந்தம் உண்டு. ஒவ்வொரு அத்தியாயமும் திகைப்பில் முடிய வேண்டும். அடுத்த வாரம் பழையதைக் கொஞ்சம் நினைவூட்டி, சூழலை மறுபடி விரித்துத்தான் தொடங்க வேண்டும். ஏழு நாள் இடைவெளியில் அது தேவைப்பட்டது. ஒரே மூச்சில் படிக்கிறவருக்கு அலுக்கத்தான் செய்யும்.

யாழினி:
நினைவூட்டலுக்கு அந்தக் காரணம் பொருந்துகிறது ஐயா. இடைக்குப் பொருந்தவில்லை. கல்கியும் வாராவாரம் எழுதியவர்தானே.

பழம்புத்தகம்:
அது நியாயம் அம்மா.

செப்பேடு:
ஐயா சொன்னதை ரசித்துப் படித்தேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. முதலாம் இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அவன் வெற்றிகளைச் சொல்லும் பாட்டு, ‘அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி’ என்று தொடங்கி ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று ஊர்களை அடுக்குகிறது. 1025 வாக்கில் நடந்த படையெடுப்பு. கப்பல்கள் எத்தனை, எவ்வளவு நீளம், எத்தனை பாய், எதையுமே அது சொல்லவில்லை. ‘பல கலம்’, அவ்வளவுதான். இந்த வெற்றிடத்தை நாவல் நிரப்பியது. இன்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளில் சோழர் கப்பலுக்கு நீளமும் அகலமும் வீரர் எண்ணிக்கையும் கூட வந்துவிட்டன. யாராவது ஆதாரம் கேட்டால் தமிழ்ப் பகைவன் என்கிறார்கள். இந்த நிலைமைக்கு உற்சாக வாசகர்களும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கல்கிக்கும் இது பொருந்தும். ஆதித்த கரிகாலன் கொலையில் உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்கிறது. கல்கி அந்தக் கொலைச் சதியின் நடுவே வைத்த நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனாலும் நந்தினியின் சமாதி எங்கே என்று தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடலோடி:
செப்பேடு, நீங்கள் இந்த மெய்க்கீர்த்தியை முதன்முதலில் தேடிப் போனது எதனால்? உண்மையைச் சொல்லுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். நான் படித்தது இயந்திரப் பொறியியல். ‘கடல் புறா’ படித்த பிறகுதான், கடாரம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் எடுத்துப் பார்த்தேன். இன்றைய மலேசியாவின் கெடா. நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே கடலை வெட்டிக்கொண்டு போனால் வந்துவிடும் போல இருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று அடுத்த கேள்வி. தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே போய், வடகிழக்குக் காற்றில் திரும்பலாம் என்று தெரிந்தபோது ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி துள்ளினேன். அங்கிருந்து ஆனைமங்கலம் செப்பேடு. 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டதற்காக, நாகையில் இருந்த புத்தப் பள்ளியின் நிலங்களுக்குக் குலோத்துங்கன் வரிவிலக்குக் கொடுத்த செய்தி. ஒரு காலத்தில் படையெடுத்துப் போன இடத்திலிருந்து தூது வருகிறது, கோரிக்கை ஏற்கப்படுகிறது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்தப் பாடப்புத்தகமும் என்னை அதுவரை கூட்டிப் போகவில்லை. ஒரு சாகசக் கதை கூட்டிப் போனது.

செப்பேடு:
உண்மையைத்தான் கேட்கிறீர்கள். ‘கடல் புறா’ படித்துவிட்டுத்தான் தேடிப் போனேன். பதினான்கு வயதில். மறுக்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் தேடினீர்கள், நான் தேடினேன். தேடாதவர்களைப் பற்றித்தான் என் கவலை. பதிப்பகங்கள் ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் இரண்டு பக்கம் ஒதுக்கி, யார் வரலாற்று மாந்தர், யார் கற்பனை என்று சொல்லிவிட்டால் போதும். வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, தன்னை நாடி வந்த மன்னனிடமே திருப்பிக் கொடுத்ததாக அவன் கல்வெட்டு சொல்கிறது. அந்த ஒரு வரிதான் இந்த நாவலின் விதை என்று நினைக்கிறேன். அதைப் பின்னால் அச்சிட்டால் கதையின் சுவை குறைந்துவிடுமா?

கடலோடி:
குறையாது, கூடும். இதில் உங்களோடு நிற்கிறேன். முதல் இடம் பற்றிய பேச்சில் மட்டும் இறங்கி வர மாட்டேன்.

யாழினி:
நானும்தான். பூங்குழலியின் படகை விட்டு இறங்குவதாக இல்லை. பழம்புத்தகம் ஐயா, தொலைந்த வாரத்தை அப்புறம் அச்சுப் புத்தகத்தில் படித்தீர்களா? நீங்கள் மனதில் எழுதியது எப்படி இருந்தது?

பழம்புத்தகம்:
மூன்று பாகங்களையும் வாங்கினேன் அம்மா, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே. அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பைண்டு செய்ததை எடுத்து அங்கிருந்து தொடர்ந்தேன். அந்த அத்தியாயத்தை இன்றுவரை படிக்கவில்லை.