நெருஞ்சி என்று நினைத்தேன், யானை நெருஞ்சி

போன மார்கழியில் நடந்தது. மழை விட்டு ரெண்டு வாரம் இருக்கும். எண்ணூர் பக்கம் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் மேட்டில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. திருவொற்றியூரில் வெறுங்காலோடு ஓடி நெருஞ்சி முள் வாங்கி வளர்ந்தவள் நான். பார்த்ததுமே நெருஞ்சி என்று முடிவுகட்டி, போட்டோ எடுத்து அக்கா பெண்ணுக்கு அனுப்பிவிட்டேன்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயா எட்டிப் பார்த்தார். “அது நெருஞ்சி இல்ல கண்ணு, ஆன நெருஞ்சி. தண்ணி வச்சினு இருக்கியா?”

என் பாட்டிலில் இருந்து அவருடைய தூக்கில் கொஞ்சம் ஊற்றினேன். ஒரு கிளையை ஒடித்து உள்ளே விட்டு நன்றாகச் சுற்றினார். வெளியே எடுத்தபோது தண்ணீர் விளக்கெண்ணெய் மாதிரி கொழகொழவென்று நூலாக இறங்கியது. விரலில் தொட்டால் வழுக்குகிறது. எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம்தான் மணலில் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தேன். நெருஞ்சி தரையோடு படரும். இலை புளிய இலை போலச் சின்னச் சின்னதாக இருக்கும், பூவில் ஐந்து இதழும் தனித்தனி. இந்தச் செடியோ நிமிர்ந்து நிற்கிறது. இலை சதைப்பற்றாக, ஓரம் வளைந்து வளைந்து இருக்கிறது. பூ குழாயாக நீண்டு நுனியில்தான் ஐந்தாக விரிகிறது. காயைத் திருப்பினால் நாலு பட்டை, அடியில் மூலைக்கு ஒரு முள். நெருஞ்சிக் காய் காய்ந்தால் ஐந்து துண்டாக உடையும். சின்ன வயசில் என் குதிகாலில் ஏறியதெல்லாம் அந்தத் துண்டுகள்தான்.

பூவின் நிறத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். நேரமும் பார்க்க வேண்டும். மீஞ்சூர் தாண்டி ஒரு காய்ந்த மேட்டில் காலையில் விஷ்ணுகிராந்தி நீலப் பொட்டு வைத்தது போல இறைந்து கிடந்தது. வெயில் ஏறித் திரும்பி வந்தபோது ஒரு பூவும் இல்லை, எல்லாம் சுருண்டுவிட்டன. இலையில் இருந்த பட்டு போன்ற மெல்லிய மயிரைத் தடவிப் பார்த்துத்தான் அதே செடி என்று தெரிந்துகொண்டேன்.

கிளம்பும்போது ஆயா கையைப் பிடித்துக்கொண்டு, “ஒடம்புக்கு நல்லதுதான், ஆனா இங்க பறிச்சி குடிச்சிடாத. எல்லாம் கரித்தூளு” என்றார். இலையைத் துடைத்தேன், விரல் கறுத்தது.

அன்று சாயங்காலமே காயின் படத்தையும் அனுப்பி, அக்கா பெண்ணிடம் பேரைத் திருத்திச் சொன்னேன்.